முத்துத் தோட்டுப் பெண்ணிலிருந்து பாம்படத்து ஆச்சி வரை: ஆயில் பெயின்டில் முகம் வரையப் பழகுவது

பாளையங்கோட்டையில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கும் என் அக்கா மகள் ஞாயிற்றுக்கிழமையானால் எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவாள். ஒருநாள் சாப்பாடு முடிந்ததும் செல்போனை என் முன்னால் நீட்டினாள். "சித்தி, ஆச்சியை ஆயில் பெயின்ட்ல வரையணும். சொல்லித் தாரீங்களா?" போட்டோவில் என் அம்மா. எண்பத்தைந்து வயது, இரண்டு காதிலும் பாம்படம், வெற்றிலைச் சிவப்பேறிய வாய்.

"வரையலாம்டி. ஆனா ஆச்சி கடைசியிலதான். அதுக்கு முன்னாடி இன்னொருத்தியை வரைஞ்சு முடிக்கணும்" என்று டச்சு ஓவியர் வெர்மீர் வரைந்த முத்துத் தோட்டுப் பெண்ணின் படத்தை எடுத்துக் கொடுத்தேன். அவளுக்கு முகம் வாடிவிட்டது. முன்பின் தெரியாத ஒரு டச்சுக்காரியை நான் ஏன் வரைய வேண்டும் என்று கேட்டாள். நியாயமான கேள்விதான். அவளுக்குச் சொன்ன பதிலையும், அடுத்தடுத்த ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் செய்ததையும் இங்கே எழுதுகிறேன். பென்சிலில் ஓரளவு வரைவீர்கள், ஆயில் பெயின்டைத் தொட்டதே இல்லை என்றால் இது உங்களுக்குத்தான்.

ஏன் பார்த்து வரைய வேண்டும்

புதிதாக முகம் வரைபவர் தலையில் ஒரே நேரத்தில் பல வேலைகள் வந்து விழுகின்றன. வெளிச்சம் எங்கிருந்து வரவேண்டும், எதைக் காட்டுவது, எதை இருட்டில் விடுவது, எந்த நிறத்தை எதோடு கலப்பது. பெரிய ஓவியர் ஒருவரின் படத்தைப் பார்த்து வரையும்போது இதில் பாதியை அவரே முடித்து வைத்திருக்கிறார். நமக்கு மிஞ்சுவது பார்ப்பதும் கலப்பதும் மட்டும்தான். பாரிஸின் லூவ்ர் அருங்காட்சியகம் 1793இல் திறந்ததிலிருந்து ஓவியர்கள் அங்கே படம் தாங்கும் ஈசல் சட்டத்தைப் போட்டு நின்று பழைய படங்களைப் பார்த்து வரைந்துவருகிறார்கள். நம் பக்கத்துக்கும் இது புதிதில்லை. கோவில்பட்டியில் வாழ்ந்த கொண்டையராஜு (1898–1976) சென்னை ஓவியப் பள்ளியில் படித்தவர். அவரைச் சுற்றி ஒரு சீடர் கூட்டமே உருவாகி, அவர்கள் வரைந்த படங்கள் காலண்டர்களாக அச்சேறி வீடுவீடாகத் தொங்கின. கரிசல் காட்டு ஊரில் இருந்துகொண்டு முகம் வரையப் பழகியவர்கள் நமக்கு முன்னாலேயே இருந்திருக்கிறார்கள்.

ஆனால் நமக்கென்று ஒரு சிக்கல் இருக்கிறது. நம் கண் கோட்டில் வளர்ந்த கண். வாசலில் போடும் கோலம் கோடு. திருப்புடைமருதூர்க் கோபுரத்துக்குள் ஏறிப் போய்ப் பாருங்கள், குற்றாலம் சித்திர சபையின் சுவர்களைப் பாருங்கள். கோட்டால் உருவத்தைக் கட்டி, அதற்குள்ளே நிறத்தை நிரப்பிய ஓவியங்கள் அவை. அந்தக் கோட்டின் அழகே தனி. ஆயில் பெயின்டில் வரையும் முகத்தில் கோடு கிடையாது. ஒரு வெளிச்சம் ஒரு நிழலைத் தொடும் இடம்தான் அங்கே விளிம்பு. சில இடங்களில் அந்த விளிம்பும் கரைந்து காணாமல் போய்விடும். இதை விளங்கிக்கொண்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. இதைக் கற்றுத்தர முத்துத் தோட்டுப் பெண்ணைவிட நல்ல படம் எனக்குத் தெரியவில்லை.

டெல்ஃப்ட் நகரத்து யோஹானஸ் வெர்மீர் (1632–1675) இதை வரைந்தது 1665 வாக்கில். உயரம் 44.5 சென்டிமீட்டர், அகலம் 39. இப்போது நெதர்லாந்தின் ஹேக் நகரில் மவுரிட்ஸ்ஹவுஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இன்னாருடைய உருவப்படம் என்று சொல்வதற்கில்லை, ஒரு முகத்தையும் உடையையும் காட்டுவதற்காகவே வரைந்த வகை. வெர்மீர் இதை வரைந்த காலத்தில் நம்ம தூத்துக்குடி டச்சுக்காரர்கள் கையில் இருந்தது. 1658இல் போர்ச்சுகீசியரிடமிருந்து பிடித்திருந்தார்கள். கொற்கை முத்துக்குப் பேர்போன கரையில் பிறந்த நமக்கு, அந்தக் காதில் தொங்கும் முத்து அவ்வளவு அந்நியமில்லை என்று அக்கா மகளிடம் சொன்னேன். அதற்கப்புறம்தான் அவள் படத்தைக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தாள்.

ரவி வர்மாவை வரையலாமே என்று பலர் கேட்பார்கள். அழகான படங்கள்தான், ஆனால் இரண்டாவதாகவோ மூன்றாவதாகவோ எடுங்கள். சேலை ஜரிகையும் நகையும் கண்ணை இழுத்துக்கொண்டு போய்விடும், முகத்துக்கு நேரம் இருக்காது. முத்துத் தோட்டுப் பெண்ணில் இருப்பது ஒரு பக்க வெளிச்சம், இருட்டுப் பின்னணி, நாலைந்து பெரிய வடிவங்கள், அவ்வளவுதான்.

வாங்க வேண்டியவை

12க்கு 16 அங்குலக் கேன்வாஸ் போர்டு ஒன்று. பெயின்டில் எட்டு நிறம் போதும்: டைட்டானியம் ஒயிட், யெல்லோ ஓக்கர், வெர்மிலியன், கிரிம்ஸன், ரா அம்பர், பர்ன்ட் அம்பர், அல்ட்ராமரின் ப்ளூ, ஐவரி பிளாக். வெள்ளையை மட்டும் பெரிய டியூபாக வாங்குங்கள், மற்றதெல்லாம் சின்ன டியூப். நீலத் தலைத்துணியிலிருந்து பின்னால் தொங்கும் மஞ்சள் துணிக்காக ஒரு லெமன் யெல்லோ கூடுதலாக இருந்தால் நல்லது. பெட்டியாக விற்கும் பன்னிரண்டு நிற செட்டில் நமக்கு வேண்டாத பச்சையும் ஊதாவும் பாதி இடத்தை அடைத்திருக்கும். தனித்தனியாக வாங்குவதே லாபம்.

பிரஷ்ஷில் முரட்டு மயிர்ப் பட்டை பிரஷ் பெரிதும் நடுத்தரமுமாக இரண்டு, நுனி வளைந்த ஃபில்பர்ட் ஒன்று, கண்ணுக்கும் முத்துக்கும் மெல்லிய ரவுண்ட் ஒன்று. இதோடு மெத்தென்ற அகலமான பிரஷ் ஒன்றைத் தனியே வைத்துக்கொள்ளுங்கள். அது பெயின்டைத் தொடக் கூடாது, விளிம்பைக் கரைக்க மட்டும்தான். நிறம் கலக்கும் பேலட்டுக்குக் கடைக்கு அலைய வேண்டாம். வீட்டில் தளம் போட்டபோது மிஞ்சிய டைல்ஸ் துண்டு இருந்தால் போதும், சாம்பல் நிறமாக இருந்தால் ரொம்ப நல்லது. வெள்ளை டைல்ஸில் எந்த நிறமும் உள்ளதைவிட இருட்டாகத் தெரியும்.

எண்ணெய் விஷயத்தில் கவனம் வேண்டும். ஓவியருக்கான லின்சீட் ஆயிலும் டர்பென்டைனும் வாங்குங்கள். லின்சீட் ஆயில் என்பது ஆளி விதை எண்ணெய். தண்ணீர் மாதிரி ஆவியாகிக் காய்வதில்லை அது, காற்றிலிருக்கும் ஆக்சிஜனை இழுத்துத் தானே கெட்டிப்பட்டுத் தோலாகும். தேங்காய் எண்ணெய்க்கோ நல்லெண்ணெய்க்கோ அந்தக் குணம் போதாது. அவசரத்துக்குச் சமையலறை எண்ணெயைக் கலந்தால் வருஷக்கணக்கானாலும் படம் பிசுபிசுவென்றே இருக்கும்.

வெளிச்சம்

ஐரோப்பியர் எழுதிய எந்தக் கையேட்டை எடுத்தாலும் வடக்கு ஜன்னல் ஓரமாக உட்காரச் சொல்வார்கள். அவர்கள் ஊரில் வடக்கு ஜன்னல் வழியாக நேர்வெயில் அநேகமாக வராது, வெளிச்சம் நாள் முழுக்க ஒரே சீராக இருக்கும். திருநெல்வேலிக்கு இது அப்படியே பொருந்தாது. நாம் பூமத்திய ரேகைக்கு வடக்கே ஒன்பது பாகைக்குள் இருக்கிறோம். சித்திரை பிறக்கும் சமயத்தில் சூரியன் நம் உச்சிக்கு வந்து, பிறகு வடக்கே தாண்டிப் போய்விடுகிறது. ஆவணி பாதி வரைக்கும் மதிய வெயில் வடக்கு ஜன்னல் வழியாகத்தான் உள்ளே விழும். ஆகவே சித்திரையிலிருந்து ஆவணி பாதி வரை தெற்கு ஜன்னல், மற்ற மாதங்களில் வடக்கு ஜன்னல். நான் பல வருஷம் கையேட்டை நம்பி வைகாசி மாதம் வடக்கு ஜன்னலோரம் உட்கார்ந்து, காலையில் கலந்த நிறம் மதியம் வேறு நிறமாகத் தெரிகிறதே என்று குழம்பியிருக்கிறேன். இரவில் வரைவதாக இருந்தால் வெள்ளை எல்.இ.டி. பல்பு ஒன்றை உங்கள் இடப்பக்கத்துக்கு மேலே வையுங்கள். மூலப் படமும் உங்கள் படமும் ஒரே விளக்கின் கீழ் இருக்க வேண்டும்.

படத்தை எடுப்பதும் கட்டம் போடுவதும்

மவுரிட்ஸ்ஹவுஸின் இணையதளத்திலேயே இந்தப் படம் பெரிய அளவில் இலவசமாகக் கிடைக்கிறது. அதைத்தான் எடுக்க வேண்டும். எங்கெங்கோ கிடைக்கும் பிரதிகளில் ஒன்று செக்கச் சிவந்திருக்கும், இன்னொன்று நீலம் பூத்திருக்கும். முதல் தடவை நான் எடுத்த பிரிண்டில் கன்னம் ஆரஞ்சு நிறத்தில் இருந்தது. அதை நம்பி இரண்டு வாரம் வரைந்த முகத்தை முழுதாகச் சுரண்டி எடுத்தேன். இரண்டு பிரிண்ட் போடுங்கள். ஒன்று கலரில், பளபளப்பில்லாத தாளில். இன்னொன்று கறுப்பு வெள்ளையில்.

அளவுக் கணக்கு சுலபம். ஏ4 தாளில் படத்தின் அகலம் சரியாக 8 அங்குலம் வரும்படி பிரிண்ட் எடுங்கள். உயரம் 9 அங்குலத்துக்குச் சற்று மேலே வரும். பிரிண்டில் ஒரு அங்குலக் கட்டமும், கேன்வாஸில் ஒன்றரை அங்குலக் கட்டமும் போடுங்கள். எட்டுக் கட்டம் சேர்ந்தால் கேன்வாஸின் 12 அங்குல அகலம் சரியாக நிறையும். உயரத்தில் 13.7 அங்குலம் போக, கீழே இரண்டு அங்குலத்துக்கு மேல் பட்டையாக மிஞ்சும். அதை வெட்டிவிடாதீர்கள். கலந்த நிறத்தை முகத்தில் வைக்கும் முன் அந்தப் பட்டையில் ஒரு தீற்று தீற்றிப் பார்க்கலாம். படம் முடிகிறபோது அந்தப் பட்டையே உங்கள் நோட்டுப் புத்தகமாக இருக்கும்.

கட்டம் போடுவதற்கு முன்னால் பர்ன்ட் அம்பரை டர்பென்டைனில் தண்ணீராகக் கரைத்துக் கேன்வாஸ் முழுக்கத் தேய்த்து, பழைய வேட்டித் துணியால் துடைத்துவிடுங்கள். வெள்ளை போய்த் தேநீர்க் கறை நிறம் வரும். இரண்டு நாள் காயட்டும். வெள்ளைக் கேன்வாஸில் வைக்கும் எந்த நிறமும் கறுப்பாகத் தெரிந்து ஏமாற்றும், இந்த நடுமட்டப் பழுப்பில் அந்த ஏமாற்றம் கிடையாது. பிறகு கட்டம் போட்டு, வெளிக்கோட்டை மட்டும் மெல்லிய பென்சிலில் மாற்றுங்கள். கண், மூக்கு, வாய் எங்கே வருகின்றன என்று புள்ளி வைத்தால் போதும். இமை மயிரெல்லாம் இப்போது வேண்டாம். கையில் பென்சில் இருக்கும்வரை கண் கோட்டையே தேடிக்கொண்டிருக்கும், அதனால் இந்த வேலையைச் சீக்கிரம் முடித்து அடுத்ததற்குப் போங்கள்.

பழுப்பு அடிவண்ணம்

மொத்தப் பாடத்திலும் எனக்கு மிகவும் பிடித்த கட்டம் இது. இதைத் தவிர்த்துவிட்டு நேரே நிறத்துக்குத் தாவுபவர்கள்தான் பாதியில் விட்டுவிடுகிறார்கள். 2018இல் மவுரிட்ஸ்ஹவுஸில் பொதுமக்கள் பார்த்திருக்கவே இந்தப் படத்தைக் கருவிகளால் ஆராய்ந்தார்கள். மேலே தெரியும் நிறங்களுக்கு அடியில் வெர்மீர் பழுப்பிலும் கறுப்பிலும் அகலமான தீற்றல்களால் படத்தை முதலில் கட்டியிருந்தது தெரியவந்தது. நாமும் அப்படியே செய்வோம்.

பர்ன்ட் அம்பரும் கொஞ்சம் கறுப்பும், கரைக்க டர்பென்டைன். எண்ணெய் வேண்டாம். கறுப்பு வெள்ளைப் பிரிண்டை எதிரே வைத்து, கண்ணை நன்றாகச் சுருக்கிப் பாருங்கள். சுருக்கியதும் சின்னச் சின்ன விவரமெல்லாம் மறைந்து நாலைந்து வெளிச்ச மட்டம் மட்டும் மிஞ்சும்: இருண்ட பின்னணி, தலைத்துணியின் நிழல், கழுத்தின் நிழல், நடுமட்டக் கன்னம், வெளிச்சமான நெற்றி. கீழ்ப் பட்டையில் கறுப்பிலிருந்து வெளுப்பு வரை ஐந்து படி போட்டு வைத்துக்கொண்டு, முகத்தின் ஒவ்வொரு இடமும் எத்தனையாவது படி என்று கேட்டுக் கேட்டு வையுங்கள். பெரிய பிரஷ்தான் எடுக்க வேண்டும். வெளிச்சமான இடங்களில் பெயின்ட் வைக்காமல் துணியால் துடைத்து எடுத்தாலே வெளிச்சம் வந்துவிடும்.

அக்கா மகள் இந்த இடத்தில்தான் மாட்டிக்கொண்டாள். எல்லாம் சரியாக வந்தது, மூக்கு மட்டும் அட்டையில் வெட்டி ஒட்டியது போல நின்றது. மூக்குத் தண்டின் இருபக்கமும் பழுப்பில் கோடு இழுத்திருந்தாள். பிரிண்டை அவள் கையில் கொடுத்து, "மூக்குக்கு இடப்பக்கம் கோடு எங்க இருக்கு, காட்டு" என்றேன். விரலை வைத்துத் தேடினாள். நகர்த்தி நகர்த்திப் பார்த்தாள்.

"காணோமே சித்தி."

"ஆமா, காணோம்லா? அவர் வைக்கவே இல்ல."

வெளிச்சம் விழும் பக்கத்தில், படத்தில் நமக்கு இடப்பக்கமாக, மூக்குத் தண்டும் அதற்கு அப்பாலிருக்கும் கன்னமும் ஒரே மட்ட வெளிச்சத்தில் இருக்கின்றன. நடுவில் எல்லை கிடையாது. மூக்கு அங்கே இருக்கிறது என்று நம்புவது நம் மனசுதான். மூக்கு என்று ஒன்று இருப்பது தெரியும், ஆகவே கோடு போடுகிறோம். அவள் துணியால் அந்தக் கோட்டைத் துடைத்தாள். துடைத்த அந்த நொடியில் மூக்கு எழும்பி முன்னால் வந்தது. அவள் எழுந்து போய்க் கதவோரம் நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். டச்சுக்காரியை ஏன் வரையணும் என்ற கேள்வி அதற்கப்புறம் வரவில்லை.

இந்த அடுக்கு காய இரண்டு நாள் போதும். அம்பரில் மாங்கனீசு இருப்பதால் மற்ற நிறங்களைவிட விரைவில் காயும்.

மெலிந்தது கீழே, கொழுத்தது மேலே

அடுத்த அடுக்குக்குப் போகும் முன் ஒரே ஒரு விதியை மனதில் ஏற்றிக்கொள்ளுங்கள். கீழ் அடுக்கில் எண்ணெய் குறைவாக, மேலே போகப் போகக் கூடுதலாக இருக்க வேண்டும். எண்ணெய் மிகுந்த பெயின்ட் மெதுவாகக் காயும், காயும்போது அசையும். அடியில் அது அசைந்துகொண்டிருக்க மேலே மெலிந்த அடுக்கு முந்திக் காய்ந்து இறுகினால், மேலடுக்கு வெடித்துவிடும். குளத்து வண்டல் கோடையில் பிளப்பது போலப் பிளக்கும். முதல் அடுக்குக்கு டர்பென்டைன் மட்டும், இரண்டாவதற்கு டியூபில் வரும் பெயின்ட் அப்படியே, மூன்றாவதற்கு ஒன்றிரண்டு சொட்டு லின்சீட் ஆயில். மூலப் படத்திலும் மெல்லிய வெடிப்புகள் தெரியும். அவை மூன்றரை நூற்றாண்டின் வயது. அதைப் பிரஷ்ஷால் வரைந்து காட்ட வேண்டாம்.

நிறம்: பின்னணியும் முகமும்

2018இல் நடந்த அந்த ஆராய்ச்சி இன்னொன்றையும் சொன்னது. வெர்மீர் பின்னாலிருந்து முன்னால் வந்திருக்கிறார்: பின்னணி, முகம், மஞ்சள் மேலாடை, வெள்ளைக் கழுத்துப்பட்டி, தலைத்துணி, கடைசியில் முத்து. அதே வரிசையில் போவோம். பின்னணி இப்போது வெறும் இருட்டாகத் தெரிந்தாலும், முதலில் அது மடிப்புகளோடு தொங்கும் பச்சைத் திரை. அவுரியும் ஒரு மஞ்சள் செடிச் சாயமும் சேர்ந்த பச்சை நாளடைவில் மங்கிவிட்டது. கறுப்போடு ரா அம்பரும் ஒரு துளி ஓக்கரும் கலந்து மெலிதாகப் பூசினால் இன்றைக்குத் தெரியும் நிறம் வரும்.

முகத்துக்குப் பேலட்டில் மூன்று குவியல் கலந்து வைத்துக்கொள்ளுங்கள். வெளிச்சத்துக்கு வெள்ளை நாலு பங்கு, ஓக்கர் ஒரு பங்கு, வெர்மிலியன் கால் பங்கு. இது தொடக்கம்தான். பட்டையில் தீற்றி, பிரிண்டைப் பக்கத்தில் பிடித்துக் கூட்டிக் குறையுங்கள். நடுமட்டத்துக்கு அதே கலவையில் பாதியை எடுத்து ரா அம்பரும் ஊசிமுனையளவு அல்ட்ராமரினும் சேர்க்கவேண்டும். லேசாகப் பச்சை தட்டுவது போலத் தோன்றும். பயப்படாதீர்கள், பக்கத்தில் சிவப்பு வந்ததும் அது தோலாகிவிடும். நிழலுக்கு பர்ன்ட் அம்பர், ஓக்கர், துளி கிரிம்ஸன். நிழலில் வெள்ளை கலக்கவே கூடாது, கலந்தால் முகத்தில் சாம்பல் பூசியது போலாகும்.

நிழலை மெலிதாகவும் வெளிச்சத்தைச் சற்றுத் தடிப்பாகவும் வையுங்கள். மூன்றையும் தனித்தனித் துண்டுகளாகப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு, இரண்டு துண்டு சந்திக்கும் இடத்தை மட்டும் அந்த உலர்ந்த மெத்தென்ற பிரஷ்ஷால் குறுக்காக இரண்டு தடவை தடவுங்கள். மூன்றாவது தடவை வேண்டாம். இழைக்க இழைக்க நன்றாக வருகிறது போலிருக்கும், மறுநாள் பார்த்தால் மெழுகுப் பொம்மையாக இருக்கும். கண்ணின் வெள்ளை வெள்ளை இல்லை, சாம்பலோடிய நடுமட்டம். சுத்த வெள்ளை கழுத்துப்பட்டியிலும் முத்திலும் கண்மணியின் புள்ளியிலும் மட்டும்தான் வரவேண்டும். பாதியில் எழுந்து படத்தைக் கண்ணாடியில் காட்டிப் பாருங்கள். கோணல் இருந்தால் உடனே தெரியும்.

முகம் ஒரே நாளில் முடியாது. முதல் ஞாயிறு ஒரு அடுக்கு, தொட்டால் ஒட்டாத அளவுக்குக் காய்ந்த பிறகு அடுத்த ஞாயிறு இன்னொன்று. ஆனி ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாகக் காற்று வீசும்போது ஈரப் படத்தைத் திறந்து வைக்காதீர்கள். தென்காசிப் பக்கத்துத் தூசி முழுக்க அதில்தான் வந்து உட்காரும். அட்டைப் பெட்டி ஒன்றின் ஒரு பக்கத்தை வெட்டி, படத்தின் மேல் படாமல் கவிழ்த்து வையுங்கள். காற்றும் போகும், தூசியும் விழாது. ஐப்பசி கார்த்திகையில் ஈரக் காற்று, காய்வதற்கு இன்னும் மூன்று நாலு நாள் கூடுதலாக விடுங்கள்.

மேலாடை, தலைத்துணி, முத்து

மேலாடைக்கு ஓக்கரும் ரா அம்பரும் அகலத் தீற்றல்களாக. இதில் அதிக நேரம் போக்க வேண்டாம், வெர்மீரே வேகமாகத்தான் போயிருக்கிறார். தலைத்துணியின் நீலத்துக்கு அவர் வாங்கியது ஆப்கானிஸ்தானத்திலிருந்து வந்த லாபிஸ் கல்லை அரைத்த அல்ட்ராமரின். அன்றைக்கு மிக விலையுயர்ந்த நிறங்களில் ஒன்று. 1820களில் அதைச் செயற்கையாகச் செய்யக் கண்டுபிடித்த பிறகு நம் சின்ன டியூபுக்குள் வந்துவிட்டது. முதலில் அல்ட்ராமரினும் வெள்ளையும் கலந்து வெளிர்நீலமாகவும், நிழல் பக்கம் அல்ட்ராமரினும் கறுப்புமாகவும் வைத்துக் காயவிடுங்கள். ஒரு வாரம் கழித்து அல்ட்ராமரினில் இரண்டு சொட்டு லின்சீட் ஆயில் கலந்து, கண்ணாடித் தாள் போல மெலிதாக மேலே பூசுங்கள். கலந்து எடுக்க முடியாத ஆழம் நீலத்துக்கு வந்துவிடும்.

முத்து பெரிய பயமாக இருக்கும், ஆனால் மொத்த வேலையும் ஐந்து நிமிஷம்தான். கிட்டத்தில் போய்ப் பாருங்கள். முத்துக்கு வெளிக்கோடு இல்லை, காதில் மாட்டும் கொக்கியும் இல்லை. கழுத்தின் நிழல் நிறத்தில் ஒரு உருண்டை மூட்டம், மேலே இடப்பக்கம் தடிப்பான வெள்ளைப் பொட்டு ஒன்று, அடியில் கழுத்துப்பட்டியின் வெள்ளை பட்டுத் திரும்பும் மங்கிய வளைவு ஒன்று. அந்தப் பொட்டை ஒரே தொடலில் வைத்துக் கையை எடுத்துவிடுங்கள். வைத்ததைத் திருத்தினால் கெட்டது. கீழ்ப் பட்டையில் பத்து முறை வைத்துப் பழகிக்கொண்டு மேலே போங்கள். கடைசியாக வாயோரத்தில் இளஞ்சிவப்பில் ஒரு மினுக்கம். 1994இல் படத்தைச் சுத்தம் செய்தபோது வெளியே தெரியவந்த புள்ளி அது. அதை வைத்ததும் உதடு ஈரமாகும்.

துணியும் பின்பக்கமும்

எச்சரிக்கை ஒன்று சொல்லியாக வேண்டும். லின்சீட் ஆயில் படிந்த துணியைக் கசக்கி மூலையில் போடாதீர்கள். எண்ணெய் கெட்டிப்படும்போது சூடு பிறக்கும், கசங்கிய துணிக்குள் அந்தச் சூடு வெளியேற வழியில்லாமல் தானாகவே தீப்பிடித்துவிடும். நம்ம ஊர் அக்கினி நட்சத்திரத்தில் கேட்கவே வேண்டாம். தண்ணீர் ஊற்றிய மூடி போட்ட தகர டப்பாவில் போடுங்கள், இல்லாவிட்டால் வெளியே கொடியில் விரித்துக் காயப்போடுங்கள். டர்பென்டைன் பக்கத்தில் கொசுவர்த்தியும் கூடாது, ஜன்னல் திறந்தே இருக்கட்டும். பிரஷ்ஷைத் துணியில் துடைத்து டர்பென்டைனில் அலசி, கடைசியில் பார் சோப்பில் நுரை வெள்ளையாகும் வரை கழுவி வையுங்கள். வார்னிஷ் பூச ஆறு மாதமாவது பொறுக்க வேண்டும்.

படத்தின் பின்னால் 'வெர்மீரின் ஓவியத்தைப் பார்த்து வரைந்தது' என்று எழுதி, உங்கள் பெயரையும் தேதியையும் போடுங்கள். முன்பக்கம் அவர் கையெழுத்தைப் போடக் கூடாது.

இனி ஆச்சி

காய்ந்த படத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு ஆச்சியிடம் போனோம். வீட்டு நடையில், வாசல் வெளிச்சம் ஒரு பக்கமாக மட்டும் விழும்படி நாற்காலியில் உட்கார வைத்தோம். பின்னால் இருட்டான உள்வீடு. அதே பழுப்பு அடிவண்ணம், அதே ஐந்து படி, அதே மூன்று குவியல். ஆனால் குவியலின் சேர்மானம் வேறு. நம் தோலின் வெளிச்சத்துக்கு வெள்ளையைச் சேர்த்தால் சுண்ணாம்பு அடித்தது போலாகிவிடும். ஓக்கரும் வெர்மிலியனும் பர்ன்ட் அம்பரும் கலந்து தொடங்குங்கள், வெள்ளை துளிதான். கரிய தோலில் நெற்றியும் கன்னமேடும் மினுங்கும் இடத்தை உற்றுப் பாருங்கள். அது மஞ்சள் இல்லை, வானத்தை வாங்கிய நீலச்சாம்பல். அல்ட்ராமரினும் வெள்ளையும் ஊசிமுனையளவு அங்கே சேர்த்தால் தோல் உயிர்பெறும். நிழலில் கிரிம்ஸனும் பர்ன்ட் அம்பரும்.

பாம்படத்தைத் தங்கம் என்று நினைத்து மஞ்சளை எடுக்காதீர்கள். அதில் பெரும்பகுதி பழுப்பும் கறுப்பும்தான். ஓக்கர் கொஞ்சம், ஆச்சியின் கழுத்துத் தோல் அதில் திரும்பித் தெரியும் இடத்தில் சிவப்பு கொஞ்சம், வாசலைப் பார்த்த முகப்பில் லெமன் யெல்லோவும் வெள்ளையும் கலந்த பொட்டு ஒன்று. முத்தில் பழகிய அதே ஒற்றைத் தொடல். அறுந்துவிடுமோ என்று தோன்றும்படி நீண்டு தொங்கும் காதுச் சோணையின் உள்விளிம்பில் மட்டும் வெளிச்சம் ஊடுருவிச் சிவக்கும். அதை விட்டுவிடாதீர்கள்.

ஆச்சி வெற்றிலை மெல்லுவதை நிறுத்த மாட்டாள். வாயைக் கடைசிக்கு வைத்துக்கொண்டு, அவள் கண் அயரும் நேரம் பார்த்து வரையுங்கள்.